எண்ணெய் குடிக்கிறது, துரை

துரை கேட்டது இவ்வளவுதான்:
"சவரிராயா, போய்ப் பார்.
கோளாறு என்னவென்று வந்து சொல்."
கோளாறு உண்டா என்று கேட்கவில்லை.

சம்பளச் சனிக்கிழமை. சுங்கை சிப்பூட் கடைத்தெருவில்
அடகுக்கடை வாசலை அடைத்துக்கொண்டு நின்றது
தவுக்கே லிம் பூன் ஹோக்கின் புது டெய்ம்லர்.
சங்கு நிறம்.
விளக்குப் பித்தளையில் தெருவே வளைந்து தெரிந்தது,
கள்ளுக்கடைக்குப் போகிற கூட்டம் உட்பட.

மாடு வாங்க வந்தவன்போல் ஒரு சுற்று நடந்தேன்.
டயரைக் கட்டைவிரலால் அழுத்தினேன்:
நம் மரத்துப் பால்
எங்கேயோ கடல் தாண்டிப் போய்
சாம்பல் நிற வட்டமாகத் திரும்பி வந்திருக்கிறது.
துரையின் நேப்பியருக்கும் இதே டயர்தான்.
அதில் இருவரும் சமம்.

ஓட்டி உஜாங் வெற்றிலையைத் துப்பிவிட்டு
கைப்பிடியை அரைச் சுற்றுச் சுற்றினான்.
எங்கள் வண்டிக்கு நாலு சுற்று,
ஒரு கெட்ட வார்த்தை,
சில நாள் அந்தோணியாருக்கு ஒரு மெழுகுவத்தி.

"ஓடுகிறதா?" என்றேன்.
"ஓடுகிறது" என்றான்.

நம்பவில்லை. வழியில் போன மண்டோரிடம்
பால் மங்கு ஒன்று இரவல் வாங்கி,
கோப்பிக்கடைக்காரனிடம் விளிம்புவரை ஊற்றச் சொல்லி
இஞ்சின் மூடியின்மேல் வைத்தேன்.
கோப்பியில் வானம் இருந்தது, ஓர் ஈ இருந்தது.
ஈ மட்டும் அசைந்தது.

வயிறு எரிந்தது, மறைப்பானேன்.
அந்தக் கோப்பியை நானே குடித்தேன்.

பின்பக்கம் போய்ப் புகைக்குழாயில் லேஞ்சியைப் பிடித்தேன்.
நீலம்! பூசைக்குச் சாம்பிராணி போட்டதுபோல்
அடகுக்கடைக்காரர் இருமினார்.
அப்பாடா. ஒன்று கிடைத்தது.

இரண்டாவது, மாரியம்மன் கோயில் மேட்டில்.
உஜாங் ஏற்றிக் காட்டினான்.
நடுமேட்டில் மூச்சு வாங்கிப் பல்சக்கரம் மாற்றச் சொன்னது.
எங்கள் வண்டி
துரை, துரைசாணி, இரண்டு நாய்
எல்லாரையும் சுமந்துகொண்டு
அதே மேட்டை ஒரே மூச்சில் தாண்டும்.
இதைச் சொன்னால் துரையின் மீசை நிமிரும்.

இறங்கும்போது மழை பிடித்தது,
பேராக் மழை, நாலு மணி மழை,
சொல்லிவிட்டு வருகிற பழக்கமில்லாதது.
பின்கழுத்தைச் சுருக்கினேன்.
கண்ணை இடுக்கினேன்.
உதட்டை உள்ளே மடித்துக்கொண்டேன்.

ஒரு துளிகூட விழவில்லை.

அண்ணாந்தேன். கூரை
முதலாளி தலைக்குமேல் தொடங்கி
அங்கேயே நின்றுவிடாமல்
உஜாங் தலையையும் தாண்டிக்
கண்ணாடிவரை போயிருந்தது.
அவன் உட்கார்ந்திருந்ததும்
பின்னால் போட்ட அதே தோல்.
நான் குறுகியதை உஜாங் பார்த்தான்.
சிரிக்கவில்லை. அதுதான் என்னவோ செய்தது.

நேப்பியரின் கூரை
என் பிடரிக்கு நாலு விரல் பின்னால் முடிகிறது.
அதன் தண்ணீர் வழிய ஒரு தகரக்குழல் உண்டு;
குழலின் வாய் என் காலருக்கு நேரே.
எட்டு மழைக்காலமாக
மழை என்றால் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

தோட்டத்துக்கு நேப்பியரை ஓட்டி வந்து சேர்ந்தபோது
துரை வராந்தாவில் காத்திருந்தார்.
"எண்ணெய் குடிக்கிறது, துரை."
குறித்துக்கொண்டார்.
"மேடு ஏற முக்குகிறது."
சிரித்துக் குறித்துக்கொண்டார்.
"சத்தம்?"
"இல்லை, துரை."
பென்சில் அசையவில்லை.
"வேறே?"

வேறே.
சட்டைக் கையிலிருந்து சொட்டிய தண்ணீர்
மெழுகிட்ட பலகையில் சின்னக் குளமாகப் பரவியது.
துரை அதைப் பார்த்தார்.
நானும் பார்த்தேன்.
"பாய்!" என்று கூப்பிட்டார், துடைக்க.

"வேறே ஒன்றுமில்லை, துரை."

கொட்டகையில் பையைத் திறந்தால்
திருப்பித் தர மறந்த மங்கு.
என் இருக்கை மெத்தையை முழங்காலால் அமுக்கி
ஓரத்தில் மங்கைப் பிடித்தேன்.
நிறைந்தது.
ரேடியேட்டர் மூடியைத் திருகி
அதில் ஊற்றினேன்.